காதால் வாங்கிய வண்டி

"நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்" என்று முந்தின நாள் ராத்திரியே போனில் சொல்லியிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டு வாசலுக்குப் போனதும் முதல் வேலையாக பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். காலை ஏழரை மணி. தகரம் ஜில்லென்று இருந்தது. மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார் என்று அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

2020 மாசி மாதம் அது. வண்டி ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங், 2009 மாடல், டி.என். 45 பதிவு, வெள்ளி நிறம். ஓடியிருந்தது 61,000 கிலோமீட்டர். வைத்திருந்தவர் பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் சாவியைத் திருப்பினார். நான் பானட்டுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் நாயனம் வாசிக்கிறவன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஊர். எங்கள் மேளத்தில் ஒத்து என்று ஒரு வாத்தியம் உண்டு. அதில் ராகம் கிடையாது, பாட்டு கிடையாது. ஆதார சுருதி மட்டும் அறுந்து போகாமல் நின்றுகொண்டே இருக்கும். இப்போது அந்த இடத்துக்கு சுருதிப் பெட்டி வந்துவிட்டது. சின்னப் பையனாக இருந்தபோது ஒத்து ஊதித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பழைய கார் நகராமல் இன்ஜின் மட்டும் ஓடி, ஐடிலில் நிற்கும்போது என் காது தேடுவது அந்த ஒத்தைத்தான். ஏறாமல் இறங்காமல், நடுவில் விக்காமல் ஒரே சத்தமாக நிற்க வேண்டும். ஸ்ரீரங்கத்து வண்டி முதல் அரை நிமிஷம் கொஞ்சம் உயர்ந்து கேட்டது. குளிர்ந்த இன்ஜினுக்கு அது இயல்பு. பிறகு மெதுவாக இறங்கி ஒரு இடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

கார் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் நேரம் நம் கையில் இல்லை. முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு என்றால் மூன்றரைக்கு மேளம் மண்டபத்தில் இருக்க வேண்டும். புதுக்கோட்டையில் அப்படி ஒரு முகூர்த்தம் என்றால், கும்பகோணத்திலிருந்து அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது. முந்தின நாள் சாயங்காலமே போய் மண்டபத்து மூலையில் ஜமக்காளத்தை விரித்துப் படுக்க வேண்டும். கொசுவும் பாத்திரச் சத்தமும் சேர்ந்து தூக்கத்தை எடுத்துவிடும். தூங்காத உடம்போடு விடியற்காலையில் நாயனத்தை எடுத்தால் மூச்சு நிற்காது. வாடகைக் கார் வைத்தால் பேசின தொகையில் நாலில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மீதியை நாலு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் சொந்த வண்டி என்று முடிவு செய்தோம். என் சேமிப்பு 70,000. மனைவியின் நகையை வைத்து எடுத்தது 1,00,000. மொத்தம் 1,70,000 ரூபாய்.

சான்ட்ரோதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் தவில். என்னோடு வருவது சித்தப்பா மகனும் தவில் வித்வான்கள் இருவரும். நாலு பேர், ரெண்டு தவில், ரெண்டு நாயனம், துணிப் பைகள். தவில் பலா மரத்தில் கடைந்தது, இரும்பு வளையம் போட்டு முடுக்கியது. அதை நசுக்கி வைக்க முடியாது. சின்னக் கார்கள் பலதில் கூரை சரிவாக இறங்கிப் பின் சீட்டில் இடிக்கும். சான்ட்ரோ 1590 மில்லிமீட்டர் உயரம். 1998-ல் இது முதலில் வந்தபோது 'டால் பாய்', அதாவது உயரமான பையன் என்று இந்த உயரத்தை வைத்தேதான் சொன்னார்கள். பலருக்கு அந்த உருவம் அப்போது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்த உருவம்தான். பின் கதவைத் திறந்து பார்சல் டிரேயைக் கழற்றிவிட்டால் டிக்கியில் ஒரு தவில் நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரும். நாயனம் மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவு, பெட்டியோடு காலடியில் படுத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. 1998-லிருந்து 2014 முடியும் வரை பழைய சான்ட்ரோவும் அதன் பிறகு வந்த ஜிங்கும் அங்கேயிருந்து வந்துகொண்டே இருந்தன. நம் ஊரில் இந்த வண்டியில் கை வைக்காத மெக்கானிக்கே இருக்க மாட்டார். சாமான் கும்பகோணத்திலேயே கிடைக்கும். கிடைக்காததற்கு சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் இரண்டு வண்டிகள் பார்த்தேன். ஒன்று தஞ்சாவூரில், புரோக்கர் மூலமாக. 2012 மாடல், நம்ப முடியாத பளபளப்பு. விலை 1,60,000. மெக்கானிக் பாய் என்னோடு வந்திருந்தார். இருபத்தைந்து வருஷமாகக் கும்பகோணத்தில் ஷெட் வைத்திருக்கிறவர், எங்கள் வாசிப்பை உட்கார்ந்து கேட்கிறவர். அவர் கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றிக் கதவுகளில் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். இடது பின் கதவுக்குக் கீழே காந்தம் பிடிக்கவில்லை. "இங்க தகரம் இல்ல வித்வான், பட்டி" என்றார். அடிபட்ட பள்ளத்தை அடைக்கிற பூச்சு அது. அதுகூடப் பரவாயில்லை, பழைய வண்டி என்றால் எங்காவது டிங்கரிங் பண்ணியிருப்பார்கள். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல இருக்கும் இரும்பில் விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார், காய்ந்த வண்டல். பதிவு எண்ணைப் பார்த்தால் சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீர் ஏறிய வண்டியை எவ்வளவு துடைத்தாலும் பெல்ட்டின் உள்சுற்றைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒயரிங்கில் ஈரம் ஏறினால் ஒரு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகக் காட்டும் என்றார் பாய். டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது வண்டி திருவாரூரில். நல்ல வண்டிதான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடித்தபோது முன்னால் 'டக், டக், டக்' என்று கேட்டது. ஆக்சில் ஜாயின்ட். அது சரி செய்யக்கூடியது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டபோது சைலன்சரில் நீலமாகப் புகை வந்தது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜினைப் பிரித்தால் வண்டி விலையில் பாதி ஆகிவிடும்.

இப்போது என்னிடம் கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது, எந்த வண்டியானாலும் காலையில் போய்க் குளிர்ந்த இன்ஜினைக் கேளுங்கள் என்பதுதான். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். பாட்டு போடச் சொல்லாதீர்கள், ஏ.சி.யும் வேண்டாம். மேடு பள்ளத்தில் முன்னால் 'கடக்' என்றால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். ஐம்பதில் போகும்போது வேகத்தோடு சேர்ந்து ஏறுகிற 'ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டு, ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் அது கூடவோ குறையவோ செய்தால் வீல் பேரிங். பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்க்கும்போது கூடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரமாக இருக்கும். கிளட்ச்சை மிதித்தால் மறைந்து, விட்டால் கேட்கிற சத்தம் வேறு. கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஸ்ரீரங்கத்து வண்டியில் லோயர் ஆர்ம் சத்தம் இருந்தது, மற்றபடி சுத்தம். டயர்களில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடு பள்ளம், நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நாலு எண் பொறித்திருப்பார்களே, அதைப் படித்தேன். 1113. 2013-ஆம் வருஷம் 11-ஆவது வாரம் செய்த டயர். ஏழு வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்துவிடும். அந்த வீட்டு அம்மா காபி கொண்டுவந்தார். அவர் ஒரு ஃபைலையும் கொண்டுவந்தார். 2009-லிருந்து ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் அதில் இருந்தது. நான் தாளைத் தாளாகப் புரட்டினேன். டைமிங் பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை. அவர்கள் 1,50,000 சொன்னார்கள். டயரும் பெல்ட்டும் மாற்ற வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். 1,35,000-க்கு ஒத்துக்கொண்டார். சாவியை வெற்றிலை பாக்கோடு கொடுத்தார்கள். பக்கத்துத் தெருவில் நிறுத்தி ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் முதல் கார்.

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. விற்றவர் 2009-ல் லோன் போட்டு வாங்கிக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர்கள் பெயரை எடுக்கவே இல்லை. அவர்களிடமிருந்து தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் வாங்கிவர மூன்று வாரம் ஆனது. பிறகுதான் 29, 30 படிவங்கள் கொடுத்துப் பெயர் மாற்ற முடிந்தது. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பு ஆர்.சி.யின் கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டும். இன்சூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் கணக்கு. கிளெய்ம் கேட்காததற்காக விற்றவருக்குக் கிடைக்கிற நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அவரோடு போய்விடும். இதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்று: சான்ட்ரோ இன்ஜின் 1086 சி.சி. ஆயிரத்தைத் தாண்டிய அந்த 86 சி.சி.க்காக, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனிலிருந்து 2,094-க்குப் பதில் 3,416 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.

வண்டியை நேராக பாய் ஷெட்டில் விட்டேன். டைமிங் பெல்ட், டென்ஷனர், அதோடு வாட்டர் பம்ப், கூலியோடு 7,200. "பெல்ட் வெளிய நல்லாத்தான் தெரியும் வித்வான். ஓடுறப்ப அந்துச்சுன்னா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். அப்புறம் நீங்க என்னைப் பார்க்கிற செலவு வேற மாதிரி இருக்கும்" என்றார். நாலு டயர் 11,600. லோயர் ஆர்ம், லிங்க் ராடு 4,300. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் 3,100. ஆக 26,200 ரூபாய். ஆர்.டி.ஓ. செலவும் இன்சூரன்ஸும் 5,000. கையில் 3,800 மிச்சம்.

அந்த 1,70,000-க்கே நான் வண்டி பார்த்திருந்தால் அந்தப் பங்குனி மாதம் செத்த டயரோடும் பழைய பெல்ட்டோடும் ஓடியிருப்பேன். மலிவான பழைய வண்டிக்கு இரண்டு விலை. ஒன்று விற்கிறவருக்குக் கொடுப்பது, இன்னொன்று முதல் மாதம் வண்டிக்குக் கொடுப்பது. இரண்டாவது விலை கையில் இல்லாவிட்டால் முதல் விலையைக் கொடுக்கவே கூடாது என்று இன்றைக்கும் உறுதியாக நினைக்கிறேன்.

சரியாக நாலு கச்சேரிக்கு அந்த வண்டியில் போனோம். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குச் சித்திரையும் வைகாசியும்தான் வருஷச் சாப்பாடு. கல்யாணங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. கோயில் திருவிழாக்கள் நின்றன. வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம், கேட்காமல் "வச்சுக்குங்க வித்வான், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றவர்கள் மூன்று பேர். அந்த மூன்று வீட்டையும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாசலில் வண்டி நின்றது. நகைக்கு வட்டி ஓடியது. ஆனி மாதத்தில் ஒருவர் வந்து 95,000-க்குக் கேட்டார். அன்றைக்கு ராத்திரி கொடுத்துவிடலாம் என்றுதான் படுத்தேன். காலையில் மனைவி பிள்ளையின் கணக்கு நோட்டில் எழுதிக் காட்டினாள். "இப்ப வித்தா 71,000 நஷ்டம். நகை வட்டி மாசம் இவ்வளவு. இது எத்தனை மாச வட்டின்னு பாருங்க. ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பார்ப்போம்" என்றாள். பால் கணக்கு எழுதுகிற அதே எழுத்து. நான் அந்த ஆளுக்கு போன் பண்ணி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த மாதங்களில் காலையில் சாதகம் செய்வேன், பிறகு வண்டியோடு இருப்பேன். வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கால் மணி நேரம் விட்டிருந்தும் பழைய பேட்டரி தாங்கவில்லை. ஒரு நாள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டிக்' என்பதோடு சரி. கடன் சொல்லிப் புதுப் பேட்டரி, 3,600. ஏர் ஃபில்டர் கழற்றித் தட்டுவது, பிளக் கழற்றி நிறம் பார்ப்பது, பிரேக் ஆயில் அளவு, ஃபேன் பெல்ட் இறுக்கம், ரேடியேட்டர் தண்ணீர், இதெல்லாம் அப்போது பாய் போனில் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டேன். நாயனத்தின் வாயில் வைக்கிற சீவாளியைச் சீவிச் சீவிப் பதம் பார்த்துப் பழகின கை இது. பிளக் இடைவெளி சரி பார்ப்பது கஷ்டமாக இல்லை.

ஆவணியில் சின்னச் சின்னக் கல்யாணங்கள் வந்தன. ஐம்பது பேர், முகக்கவசம், ஒரு நாயனம் ஒரு தவில் போதும் என்பார்கள். பஸ் சரியாக ஓடாத நாட்கள். வண்டி வைத்திருக்கிற மேளம் யார் என்று தேடி எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் நாலு வீட்டு அடுப்பும் எரிந்ததில் இந்தச் சான்ட்ரோவுக்குப் பங்கு உண்டு.

டெல்டாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எதிரி உண்டு, எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் வீடுகளைத் தேடி வரும். இன்ஜினின் கதகதப்பு அதற்குப் பிடித்துப்போகும். 2022 மாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு அரியலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ராத்திரி இரண்டு மணி. அணைக்கரைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இழுக்க மறுத்தது. வேகத்தைக் குறைத்து ஜன்னலை இறக்கிக் கேட்டேன். நாலு அடியில் ஒரு அடி விழவில்லை. தாளத்தில் ஒரே இடத்தில் தட்டு விடுபட்டுக்கொண்டே இருப்பது போல. பின்னாலிருந்து தவில் மச்சானும் அதையே சொன்னார்: "மாப்ள, நாலுல ஒண்ணு விழலியே." இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பிளக் ஒயரின் மேல்தோல் பாதிக்கு மேல் கடிபட்டிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன், பலிக்கவில்லை. மூன்று சிலிண்டரில் முப்பது வேகத்தில் ஊர்ந்து நாலே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். கோபிக்கவில்லை, "வாங்க, வாங்க" என்று காபி கொடுக்கச் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் நடுக்கம். மாலை மாற்றும்போது மேளம் இல்லாமல் போயிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

அப்படி ஓட்டியதற்கு பாய் என்னைக் கடிந்துகொண்டார். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் உள்ளே புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்றார். அதற்குப் பிறகு அறுவடைக் காலத்தில் ராத்திரி பானட்டைத் திறந்தே வைக்கிறேன். இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலி தங்குவதில்லை. புகையிலையைத் துணியில் முடிந்தும் கட்டிப் பார்த்தேன். என் அனுபவத்தில் பானட்டைத் திறந்து வைப்பதுதான் பலன் தந்தது. ஒரு பிளக் ஒயர் செட்டும் டூல்ஸ் பையும் ஸ்டெப்னி பக்கத்தில் எப்போதும் இருக்கின்றன. தூரத்து முகூர்த்தம் என்றால் இப்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறோம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மண்டபத்து வாசலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் உள்ளே அடுப்புதான். தவில் தோல் முறுகிக்கொண்டு போகும், நாயனம் ஆச்சா மரம், அதற்கும் ஆகாது. அதனால் வாத்தியத்தை வண்டியில் விட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போவதே இல்லை. இதற்கு நேர்மாறானது மார்கழி. பனியில் தோல் தொய்ந்து தவில் சொல் பேசாது. ஒரு மார்கழியில் திருப்பள்ளியெழுச்சிக்கு வாசிக்கப் போகிற வழியில் மச்சான் தவிலைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வண்டியில் ஹீட்டர் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் யார் அதைத் தொடுகிறார்கள்? சிவப்புப் பக்கம் திருப்பி வைத்தேன். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. இருபது நிமிஷத்தில் தோல் நிமிர்ந்து, கோயில் வாசலில் இறங்கியதும் அவர் போட்ட முதல் சொல் கணீரென்று கேட்டது. இன்றைக்கும் மார்கழியில் அதைத்தான் செய்கிறோம்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. இது சின்ன விஷயம் கிடையாது. கச்சேரி முடிந்து ராத்திரியில் திரும்பும்போது கண் சொருகி விபத்தில் போன கலைஞர்களை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எண்பதுக்கு மேல் முள் போகக் கூடாது, பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும், ராத்திரி முழுக்க வாசித்தவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தூரத்துக் கச்சேரிக்கு எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை டிரைவராக அழைத்துக்கொள்கிறோம். அப்போது மச்சான் மடியில் தவில் ஏறும். பவர் ஸ்டியரிங்கில் ஆயில் கசிந்து சீல் மாற்ற வேண்டியிருந்தது. கிளட்ச் செட் ஒரு தடவை. கதவுப் படிக்கு அடியில் துரு பிடித்து வெல்டிங் வைத்தோம். பதினைந்து வருஷம் ஆன ரப்பரும் தகரமும் அப்படித்தான் இருக்கும், இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாலு பேர், ரெண்டு தவிலோடு ஏ.சி. போட்டால் லிட்டருக்கு 14, இல்லாமல் 16 கொடுத்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இரண்டிலும் ஒன்று குறைந்திருக்கிறது. இந்த வயது வண்டியை அதற்காகச் செய்யவில்லை என்பதால் பெட்ரோல் ஹோஸ்களை பாய் முன்கூட்டியே மாற்றிவிட்டார்.

2024-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. 25-ஆம் எண் படிவம், 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, புகைச் சான்று. முந்தின வாரம் முழுக்க எனக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நிலைமைதான். விளக்குகள், ஹாரன், பிரேக், வைப்பர் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டச் சொல்லிப் பிரேக் போடச் சொன்னார். "நல்லா வச்சிருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஐந்து வருஷம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். 2029-ல் இருபது வருஷம் ஆகிவிடும். இருபது தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 10,000 ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு இப்போதே மாதம் இருநூறு எடுத்து வைக்கிறோம், அதே கணக்கு நோட்டில்.

அந்த நோட்டுப்படி இன்றைக்கு மீட்டர் 1,18,000. என் கையில் 57,000 கிலோமீட்டர். பெட்ரோலும் இன்சூரன்ஸும் நீங்கலாக இதுவரை செலவு, முதல் மாதத்து 26,200-ஐயும் சேர்த்து, 1,04,000 ரூபாய். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. நகையை 2022 ஐப்பசியில் மீட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது ஐம்பதில் ஒரு 'ம்ம்' கேட்டது. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் சாய்த்தேன், சத்தம் கூடியது. வலப்பக்கம் சாய்த்தேன், குறைந்தது. வலது பக்கத்து பேரிங், அநேகமாகப் பின்னால். புதன்கிழமை முகூர்த்தம் இல்லை. பாயிடம் சொல்லிவிட்டேன், காலையிலேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.